வலது பின்சக்கரம்

நவம்பர் 4, திங்கள்

தீபாவளி லீவு முடிந்து இன்றுதான் பட்டறையைத் திறந்தோம். பூட்டில் சாவியை வைக்கும்போதே பின்னால் லாரி வந்து நின்றது. மேலே வெங்கடபதி ஐயாவின் சிவப்புக் கார். இரண்டு பேர் உட்காரும் பழைய இங்கிலாந்து வண்டி. கூரை கிடையாது. நாலும் கம்பிச் சக்கரம், முதுகில் ஒரு ஸ்டெப்னி. ரேஸ் கோர்ஸ் பக்கம் நடக்கப் போகிற எல்லோருக்கும் அந்தக் காரைத் தெரியும்.

டயர் நாலும் வெடிப்பு விட்டுவிட்டது, மாற்ற வேண்டும். டயர் கடையில் சக்கரத்தைக் கழற்ற முடியவில்லையாம். பிறகு ஐயாவின் டிரைவர் இரண்டு நாள் முயன்றிருக்கிறான். முயன்ற லட்சணத்தைப் பார்த்ததும் எனக்கு உடம்பு பற்றி எரிந்தது. இந்த வண்டிக்கு மற்ற கார் மாதிரி நாலைந்து நட்டு கிடையாது. ஒரு சக்கரத்துக்கு நடுவில் ஒரே ஒரு நட்டு, இரண்டு காது வைத்தது. காதில் செம்புச் சுத்தியலால் தட்டினால் கழலும். வண்டி முன்னால் ஓடும்போது சக்கரம் எந்தப் பக்கம் சுற்றுமோ அந்தப் பக்கம் தட்ட வேண்டும். இடது பக்கத்துக்கு ஒரு மரை, வலது பக்கத்துக்கு அதற்கு எதிர் மரை. அம்புக்குறி நட்டிலேயே இருக்கிறது. இந்த மகராசன் இரும்புச் சம்மட்டியை எடுத்து, வலது பக்கம் இரண்டையும் இறுக்குகிற திசையில் அடித்து, காதுகளைச் சப்பையாக்கி அனுப்பியிருக்கிறான்.

பத்து மணிக்கு ஐயா போன் செய்தார். "வண்டிய மிருதுளாவுக்குக் குடுத்தாச்சு. இருபத்து நாலாந் தேதி கொழந்தைய உக்கார வெச்சுட்டு அவளே கோத்தகிரிக்கு ஓட்டிட்டுப் போறா. அதுக்குள்ள ஆகோணும், சாந்தாமணி."

"ஆயிருமுங்க" என்றேன். மிருதுளா அவருடைய ஒரே மகள். எங்கள் மகள் நிவேதாவுக்குத் தன் கல்லூரியில் சீட் கொடுத்தவர் ஐயா. முடியாது என்று எப்படிச் சொல்வது?

லாரியிலிருந்து வண்டியை இறக்கும்போது என் வீட்டுக்காரர் வெளியே வரவில்லை. இவர் உள்ளே வெல்டிங் மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆயுத பூஜைக்கும் துடைத்து, தீபாவளிக்கும் துடைத்த மிஷின்.

நவம்பர் 5, செவ்வாய்

இடது முன்சக்கரம் வந்துவிட்டது. ஆறு அடி, நட்டு கழன்றது. சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டி இழுத்தேன், வழுக்கிக்கொண்டு வந்தது.

வந்ததைப் பார்த்தால் இன்னும் எரிச்சல். அச்சு முனையில் இருக்கிற ஹப்பின் மேல் நீளவாக்கில் பல் வெட்டியிருக்கும். சக்கரத்தின் நடுக்குடத்துக்கு உள்ளேயும் அதே மாதிரி பல். ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்வதால்தான் சக்கரம் ஹப்போடு சேர்ந்து சுற்றுகிறது, பிரேக் போட்டால் நிற்கிறது. வருடம் ஒரு தடவை கழற்றி, துடைத்து, கிரீஸ் தடவ வேண்டும். இதில் கிரீஸ் இருந்த தடமே இல்லை. மஞ்சள் பொடி மாதிரி துரு கொட்டுகிறது. காருக்கு வருடா வருடம் மாலை மட்டும் போடுவார்கள்.

நவம்பர் 6, புதன்

வலது முன்சக்கரத்தோடு முழு நாள் போனது. டிரைவர் இறுக்கி வைத்த புண்ணியம். காது வைத்த நட்டின் வடிவத்துக்குக் கெட்டிப் பலகையில் ஓட்டை வெட்டி, அதை மாட்டி, அதன் மேல் ஐந்தடிக் குழாயைக் கட்டி, நானே ஏறி நின்றேன். நாலு மணிக்குத் துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தத்தோடு நட்டு கழன்றது. நான் தரையில் விழுந்தேன். முழங்கை சிராய்ப்பு.

பக்கத்து லேத் பட்டறை ஹனீபா அண்ணன் ஓடி வந்து தூக்கினார். "மயில்சாமி எங்கம்மா? நீ ஒத்தையில மல்லுக்கட்டிட்டு இருக்கே?"

"திருப்பூர்ல ஒரு பாய்லர் வேலையாமுங்கண்ணா."

அந்த வேலை போன வாரம் வேண்டாம் என்று இவரே தள்ளிவிட்டது. இன்று காலையில் திடீரென்று ஞாபகம் வந்து கிளம்பினார்.

நவம்பர் 7, வியாழன்

மழை. கரண்ட் இல்லை. பருப்பு ஊறப் போட்டு மறந்துவிட்டேன்.

நவம்பர் 9, சனி

பின்சக்கரம் இரண்டும் பிடிவாதம் பிடிக்கின்றன. நட்டு கழன்றுவிட்டது. குடம் ஹப்பை விட மாட்டேன் என்கிறது. துரு இளக்குகிற எண்ணெயை நேற்றுக் காலையிலிருந்து நாலு தடவை விட்டேன். ரப்பர் சுத்தியல், மரக்கட்டை, எதற்கும் அசையவில்லை.

கடைசியில் பழைய வித்தையைத்தான் செய்தேன். முன்சக்கரங்களைத் திரும்ப மாட்டி, பின்பக்க நட்டுகளை முக்கால் சுற்று மட்டும் தளர்த்தி விட்டு, வண்டியைப் பட்டறைக்கு முன்னால் இருக்கிற காலி மனையில் ஓட்டினேன். எட்டு போட்டு எட்டு போட்டு, நடுவே சடக்கென்று பிரேக். ஏழாவது சுற்றில் இடது பின்பக்கம் 'டக்'. இறங்கிப் பார்த்தால் சக்கரம் விலகியிருந்தது. கழற்றி, கிரீஸ் தடவித் திரும்ப மாட்டினேன்.

வலது பின்பக்கம் அசையவே இல்லை. நாற்பது தடவை பிரேக் போட்டேன். ஒரு மயிரிழை கூட விலகவில்லை. இடதும் வலதும் ஒரே மழையில் நனைந்தவை, ஒரே ஷெட்டில் நின்றவை. அப்புறம் இதற்கு மட்டும் என்ன வந்தது?

சாயங்காலம் இவரிடம் கேட்டேன். காபி டம்ளரை இடது கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். "திருப்பி அனுப்பிரலாம் சாந்தா. நமக்கெதுக்கு இந்தத் தலவலி."

இருபத்திரண்டு வருடத்தில் பட்டறைக்கு வந்த எந்த வண்டியையும் திருப்பி அனுப்பாத ஆள்.

நவம்பர் 11, திங்கள்

இழுப்பான் செய்தேன். அரையங்குலத் தகடு இரண்டு, நடுவே ஒரு திருகு. குடத்தைப் பின்னாலிருந்து பிடித்து, ஹப்பின் முனையில் திருகை முட்ட வைத்து இறுக்க வேண்டும். ஹனீபா அண்ணன் திருகைக் கடைந்து கொடுத்தார். கேஸ் டார்ச்சால் குடத்தைச் சூடாக்கி, குழாய் மாட்டித் திருகினோம்.

தகடு வளைந்தது. குடம் வளையவில்லை.

"இது துரு இல்லம்மா" என்றார் ஹனீபா அண்ணன். "துருன்னா இந்நேரம் அழுதிருக்கும்."

எனக்கும் தெரியும். எழுதுவதற்கு என்ன இருக்கிறது. வளைந்த தகடு பட்டறை வாசலில் கிடக்கிறது, போகிறவன் வருகிறவன் எல்லாம் என்னவென்று கேட்கிறான்.

நவம்பர் 13, புதன்

ஐயாவுக்குப் போன் செய்தேன். சக்கரத்தின் கம்பிகளை அறுத்துவிட்டுக் குடத்தைத் தனியாக வெட்டி எடுப்பதைத் தவிர வழியில்லை, சக்கரம் வீணாகும் என்றேன்.

ஐயா கேட்டார், "எந்தப் பக்கம்?"

"வலது பின்பக்கமுங்க."

"மயில்சாமிகிட்டக் கேட்டியா?"

"அவருக்கென்னங்க தெரியும்?"

"கேட்டுப் பாரு" என்றார். "அறுத்துக்கோ. சக்கரம் போனாப் போகுது. ஸ்டெப்னி இருக்குதல்ல."

நான் கேட்கவில்லை. ரேஷன் கடைக்குப் போக வேண்டியிருந்தது.

நவம்பர் 14, வியாழன்

அறுபது கம்பி. ஒவ்வொன்றாகக் கத்தரித்தேன். வளையம் டயரோடு விலகி விழுந்தது. குடம் மட்டும் ஹப்பின் மேல் தனியாக நிற்கிறது. இப்போது பின்பக்கம் பார்க்கலாம். கறுப்புப் பெயின்ட் கனமாகப் பூசியிருந்தது. சுரண்டினேன்.

வெல்டிங். குடத்தையும் ஹப்பையும் சேர்த்து, சுற்றிலும் எட்டு இடத்தில் பொட்டு வைத்திருக்கிறது.

கழற்றி மாட்ட வேண்டிய சக்கரத்தை எவனோ ஹப்போடு ஒட்டி, மேலே பெயின்ட் அடித்து மூடியிருக்கிறான். பல் தேய்ந்து சக்கரம் ஆட ஆரம்பித்திருக்கும். புது ஹப் போடுவதற்குப் பதிலாகக் கொலைகாரன் வேலை செய்திருக்கிறான். எட்டில் மூன்று விரிசல் விட்டிருக்கின்றன. மீதி ஐந்தும் போனால் சக்கரம் ஒரு பக்கம் சுற்றும், அச்சு ஒரு பக்கம் சுற்றும். மலை இறக்கத்தில் அந்தச் சக்கரத்துக்குப் பிரேக் இருக்காது. அவன் கையை உடைக்க வேண்டும். எவனாக இருந்தாலும்.

பொட்டு ஒவ்வொன்றும் தொடங்குகிற இடத்தில் தடித்து, முடிகிற இடத்தில் வலமிருந்து இடமாக வாலை இழுத்தாற்போல் இருக்கிறது.

மதியம் இரசமும் முட்டைப் பொரியலும் செய்தேன். இவர் சாப்பிட வரவில்லை.

நவம்பர் 15, வெள்ளி

போர்வை எல்லாம் துவைத்தேன். பட்டறைக்குப் போகவில்லை.

நவம்பர் 16, சனி

ஹனீபா அண்ணன் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "ஏம்மா, இது நம்ம..." என்று ஆரம்பித்தார்.

"உங்க பட்டறைல வேலை ஒண்ணும் இல்லீங்களாண்ணா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் போய்விட்டார். இருபது வருடப் பழக்கம். என் அப்பா செத்தபோது பாடைக்குத் தோள் கொடுத்தவர். அவரிடம் போய் அப்படிப் பேசியிருக்கிறேன்.

நவம்பர் 17, ஞாயிறு

இனிமேல் இதில் 'இவர்' என்று எழுதப் போவதில்லை. மயில்சாமி என்றே எழுதுவேன். செய்தவனுக்குப் பெயர் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை கோழி மயில்சாமிதான் வைப்பார். அடுப்புக்கு முன்னால் நின்றிருந்தார். நான் வாசற்படியில் நின்று சொன்னேன், "அது உங்க கை."

கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "ஆமா" என்றார்.

"ஊர்ல இடது கையில வெல்டு அடிக்கறவன் எத்தன பேரு இருப்பான்னு மூணு நாளா எண்ணிட்டு இருக்கறேன். ஒரு ஆளுக்கு மேல தேறல."

"ஆமா, நாந்தான்."

"எப்ப?"

"பதினெட்டுல. அவருக்கு எழுவதாங் கல்யாணம். அடுத்த நாள் காலைல வண்டி கோயில் வாசல்ல நிக்கோணும். எடுக்கறப்பவும் பிரேக் அடிக்கறப்பவும் டக்கு டக்குனு சத்தம். கழட்டிப் பாத்தா பல்லு கத்தி மாதிரி தேஞ்சு கெடக்குது. புது ஹப்பு வெளிநாட்லருந்து வரோணும், ஒண்ணரை மாசம் ஆகும்னு சொன்னேன். அதெல்லாம் தெரியாது, நாளைக்குச் சத்தம் வரக்கூடாதுன்னாரு."

"உடனே ஒட்டீட்டீங்க."

"ஒரு நாளைக்குத்தான்னு ஒட்டுனேன். கல்யாணம் முடிஞ்சதும் கொண்டாங்க, அறுத்துட்டுப் புதுசு போடறேன்னு சொன்னேன். அவரு கொண்டாரவே இல்ல. நானும் ரெண்டு தடவை கேட்டுட்டு விட்டுட்டேன்."

"ஆறு வருசம் தூங்குனீங்களா?"

கோழியைக் கிளறினார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல?"

அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "சொன்னேன் சாந்தா" என்றார்.

அப்படி எதுவும் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லை என்றேன். அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போய்விட்டார். கோழியை நானும் தொடவில்லை.

நவம்பர் 18, திங்கள்

குடத்தை நீளவாக்கில் இரண்டு இடத்தில் கிரைண்டரால் அறுத்து, உளி வைத்து அடித்தேன். இரண்டாகப் பிளந்து விழுந்தது. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே ஆட்டம் தெரியாமலிருக்கப் பித்தளைத் தகடு சொருகியிருக்கிறது. அதைக்கூடக் கச்சிதமாக வெட்டிச் சொருகியிருக்கிறார். ஏமாற்று வேலையிலும் சுத்தம்.

ஹப்பின் பல்லில் விரலை வைத்தேன். தோல் கிழிந்தது.

இதை எழுதி முடித்துவிட்டு ஹனீபா அண்ணனிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். பாதியிலேயே எழுந்தேன். போய்விட்டு வந்தேன். அவர் டீ வாங்கிக் கொடுத்தார்.

நவம்பர் 19, செவ்வாய்

பிளந்த குடத்தில் ஒரு பாதியைச் செய்தித்தாளில் சுற்றி, பையில் போட்டுக்கொண்டு ஐயா வீட்டுக்குப் போனேன். வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். டீப்பாய் மேல் வைத்துப் பிரித்தேன்.

என்னவென்று அவர் கேட்கவில்லை. "எதுக்குக் கூட்டத்தக் கூட்டற?" என்றார்.

"நான் ஒருத்திதானுங்க வந்திருக்கறேன்."

"இத ஒட்டுனது உம் புருசன்."

"ஒட்டக்கூடாதுன்னும் சொன்னாராமுங்க."

"சொன்னான். அப்பறம் ஒட்டுனான். ஆறு வருசம் ஓடுச்சா இல்லியா?"

"ரேஸ் கோர்ஸ்ல வருசத்துக்கு ரெண்டு சுத்துங்க. அது சமமான ரோடு. இப்பப் போறது கோத்தகிரிக்கு. மூணு பொட்டு விட்டுப் போச்சு, பாருங்க."

பார்க்கவில்லை. "ஸ்டெப்னிய மாட்டு. புது ஹப்புக்குச் சொல்லி விட்டர்றேன். ஒருக்காப் போயிட்டு வந்தறட்டும். சொந்தக்காரங்க அத்தன பேத்துக்கும் சொல்லியாச்சு."

"ஸ்டெப்னி ஏறும்ங்க. பல்லு தேஞ்ச ஹப்புல எந்தச் சக்கரமும் ஏறும். நிக்காதுங்க. மிருதுளாம்மாவுக்கு இது தெரியுமுங்களா?"

"அவளுக்கு எதுக்குத் தெரியோணும்? அவ அம்மா போனதுக்கப்பறம் இப்பத்தான் சிரிக்கறா." எழுந்து நின்றார். உள்ளே போகத் திரும்பியவர் நின்று கேட்டார், "நிவேதா நல்லா இருக்கறாளா? நல்ல கம்பெனியாமே."

"நல்லா இருக்கறாளுங்க."

இரும்பைத் திரும்பச் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வரும்போதுதான் அவர் எதற்காகக் கேட்டார் என்று எனக்கு உறைத்தது. அவர் எதையும் மிரட்டிச் சொல்லவில்லை. விசாரிக்கத்தான் செய்தார். விசாரித்ததற்கே எனக்கு அவர் முகத்தில் அந்த இரும்பை எறிய வேண்டும் போல இருந்தது.

நவம்பர் 20, புதன்

2018 டைரியைத் தேடினேன். கிடைக்கவில்லை. பரணில் கரையான்.

நிவேதா போன் செய்தாள். சென்னையில் மழையாம். குடை வாங்கச் சொன்னேன்.

நவம்பர் 22, வெள்ளி

ஐயாவின் டிரைவர் போன் செய்தான். நாளைக் காலையில் லாரி வருகிறது. ஸ்டெப்னியை மாட்டி வைக்க வேண்டுமாம். மாட்டாவிட்டால் அவனே மாட்டிக்கொள்வானாம். மிருதுளாவின் நம்பர் கேட்டேன். ஐயா கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். வீட்டு நம்பருக்கு மூன்று தடவை அடித்தேன். மூன்று தடவையும் ஐயாதான் எடுத்தார். நான் வைத்துவிட்டேன்.

இன்னொன்று. டைரி கிடைக்கவில்லை என்று முந்தாநாள் எழுதியது பொய். கரையானும் இல்லை ஒன்றும் இல்லை. பீரோவில் சேலைக்கு அடியில்தான் இருந்தது. எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் அப்படி எழுதினேன். என் டைரியில் நான் யாரிடம் பொய் சொல்கிறேன் என்று தெரியவில்லை. அதில் இருப்பதை இங்கே அப்படியே எழுதுகிறேன்.

'ஜூன் 6, புதன். ஐயா காரில் சத்தம். இவர் காலையிலிருந்து நொய் நொய் என்கிறார். ஹப் தேய்ந்துவிட்டதாம், ஒட்டினால் ஆபத்தாம், முடியாது என்று சொல்லட்டுமா என்கிறார். நிவேதா சீட்டுக்கு ஐயா நாளை மறுநாள்தான் கையெழுத்துப் போடுகிறார். அது தெரிந்தும் கேட்கிறார். எதையாவது பண்ணிக் கொடுத்துத் தொலையுங்கள் என்றேன். முடித்துக் கொடுத்துவிட்டார். நல்ல வேளை. தயிர் புளித்துவிட்டது.'

தயிர் புளித்ததைக்கூட எழுதியிருக்கிறேன்.

நவம்பர் 23, சனி

எட்டரைக்கு லாரி வந்தது. டிரைவர் இறங்கி நேராக ஸ்டெப்னியிடம் போனான்.

"அதத் தொடாதே" என்றேன்.

"அக்கா, என்னைய ஏன்க்கா திட்டறீங்க? ஐயா சொல்லீட்டாரு. நான் மாட்டிட்டுக் கெளம்பறேன்."

அவனால் முடியும். தேய்ந்த பல்லின் மேல் சக்கரம் வெண்ணெய் மாதிரி ஏறும். நட்டை இறுக்குகிற திசையில் அடிப்பதற்கு அவனுக்கு யாரும் சொல்லித் தரவும் வேண்டாம். ஏறிவிட்டால் பார்ப்பதற்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கும். லாரியில் ஏற்றுவார்கள், நாளைக் காலையில் மாலை போடுவார்கள், மிருதுளா குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கிளம்புவாள். மேட்டுப்பாளையம் வரைக்கும் தாங்கலாம். கோத்தகிரி வரைக்கும்கூடத் தாங்கலாம். திரும்பி இறங்கும்போது?

நான் கிரைண்டரை எடுத்தேன். ஹப்பின் பல்லைச் சுத்தமாகச் சீவி எடுத்துவிட்டால் அதன் மேல் எந்தச் சக்கரத்தையும் மாட்டி ஒரு அடிகூட ஓட்ட முடியாது. இன்னொருத்தர் சொத்து அது. அதெல்லாம் யோசித்துவிட்டுத்தான் எடுத்தேன். சுவிட்சைப் போட்டேன். கல் ஹப்பில் பட்டுத் துள்ளியது. டிரைவர் பின்னால் தாவினான்.

மயில்சாமி உள்ளேயிருந்து வந்தார். எங்களுக்குள் பேச்சு நின்று ஆறு நாளாயிற்று. என் கையிலிருந்த கிரைண்டரைப் பிடித்தார். தடுக்க வருகிறார் என்று நினைத்து நான் விடவில்லை.

"குடு" என்றார். "நீ கையக் கிழிச்சுக்குவே. நான் செய்யறேன்."

விட்டேன்.

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆரம்பித்தார். இருபத்தைந்து நிமிடம். ஒரு பல்லைக்கூட மிச்சம் வைக்கவில்லை. டிரைவர் போனில் கத்திக்கொண்டிருந்தான். லாரிக்காரர் டீ குடித்துக்கொண்டே பார்த்தார். முடிந்தபோது ஹப் வழுவழுவென்று தண்ணீர்க் குழாய் மாதிரி இருந்தது. மயில்சாமி கையால் தடவிப் பார்த்துவிட்டு எழுந்தார்.

டிரைவர் போனை என்னிடம் நீட்டினான். ஐயா பேசியதை இங்கே எழுதப் போவதில்லை. இந்தப் பட்டறைக்குள் வைத்து யாரும் என்னை அப்படிப் பேசியதில்லை. அவர் மூச்சு வாங்கியபோது சொன்னேன், "வண்டிய எப்ப வேணா எடுத்துக்குங்கய்யா. மூணு சக்கரம் மாட்டி வெச்சிருக்கறேன்."

லாரி காலியாகவே திரும்பிப் போனது.

மயில்சாமி என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் துடைப்பத்தை எடுத்து இரும்புத் தூளைக் கூட்டினேன். ஆறு வருடம் கழித்துச் செய்ததற்குப் பாராட்டா?

நவம்பர் 24, ஞாயிறு

பதினோரு மணிக்கு மிருதுளா வந்தாள். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். அவளுடைய காரின் பின்சீட்டில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடியை இறக்கி வைத்துவிட்டு வேகமாக உள்ளே வந்தாள்.

"வேணும்னே வண்டியக் கெடுத்துட்டீங்கன்னு அப்பா சொல்றாரு. உங்க மேல போலீஸ்ல குடுக்கறேங்கறாரு. எனக்குப் புரியல. உங்களுக்கு நாங்க என்ன பண்ணுனோம்?"

பிளந்த குடத்தின் இரண்டு பாதிகளையும் அவள் முன்னால் வைத்தேன். பொட்டுகளைக் காட்டினேன், பித்தளைத் தகட்டைக் காட்டினேன், விரிசல் விட்ட மூன்றையும் காட்டினேன். இந்தச் சக்கரம் எப்படி நிற்க வேண்டும், இது எப்படி நின்றது என்று சொன்னேன். அவள் ஒரு விரிசலுக்குள் நகத்தை விட்டுப் பார்த்தாள். நகம் உள்ளே போனது.

"எப்ப ஒட்டுனது?"

"ரெண்டாயிரத்துப் பதினெட்டு. ஜூன்ல. ஐயாவோட எழுவதாங் கல்யாணத்துக்கு முந்துன நாள்."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "அன்னிக்கு அம்மாவக் கோயிலுக்கு இதுலதான் கூட்டிட்டுப் போனேன். நான்தான் ஓட்டுனேன். எனக்கு அப்ப வயித்துல ஆறு மாசம்." காரின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "யாரு ஒட்டுனா?"

"நானுங்க" என்றார் மயில்சாமி. வாசல் பக்கம் நின்றிருந்தார்.

"தெரிஞ்சே ஒட்டுனீங்களா?"

"தெரிஞ்சேதானுங்க."

"யாரு ஒட்டச் சொன்னா?"

"ஐயா கேட்டாருங்க" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார். என் பக்கம் பார்க்கவே இல்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அது அங்கேயே முடிந்திருக்கும். அந்த ஒரு நிமிடம் நானும் வாயைத் திறக்காமல்தான் இருந்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

"நானும் சொன்னனுங்க" என்றேன். "இவரு முடியாதுன்னாரு. எம் பொண்ணு சீட்டுக்கு ஐயா கையெழுத்துப் போடற நேரம். பண்ணிக் குடுத்துத் தொலைங்கன்னு நாந்தான் சொன்னேன்."

மிருதுளா என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

"எழுதிக் குடுங்க" என்றாள். "எல்லாத்தையும். அப்பா முன்னால வெக்கோணும்."

பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து எழுதினேன். என்ன வேலை, எந்தத் தேதி, எத்தனை பொட்டு, எத்தனை விரிசல், நேற்று என்ன செய்தோம், ஏன் செய்தோம். ஒட்டச் சொன்னவர்கள் வெங்கடபதி, சாந்தாமணி. ஒட்டியவர் மயில்சாமி. நான் கையெழுத்துப் போட்டேன். மயில்சாமி வாங்கிப் படித்தார். என் பெயர் வருகிற இடத்தில் கொஞ்சம் நின்றார். பிறகு அவரும் போட்டார்.

அவள் தாளை மடித்துக் கைப்பையில் வைத்தாள். "நாளைக்கு வண்டிய எடுத்துக்கறேன். வேற எடத்துல குடுத்துக்கறேன்."

"குடுங்க" என்றேன். "மத்த மூணு ஹப்பையும் நல்லாப் பாக்கச் சொல்லுங்க. நாங்க பாத்தோம், சரியாத்தான் இருக்குது. இருந்தாலும் நாங்க சொன்னத நம்பாதீங்க."

தலையை ஆட்டினாள். காரில் ஏறி, முதலில் பின்சீட்டுக்குத் திரும்பிக் குழந்தையின் பெல்ட்டைச் சரி பார்த்தாள். இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். பிறகு கிளம்பினாள்.

மயில்சாமி கேட்டார், "என் பேரு மட்டும் போதும்னு நெனச்சேன். உன் பேர ஏன் எழுதுனே?"

"நீங்க சொல்லாம விட்டதுக்கு நான் உங்களுக்குக் கும்புடு போடோணுமா?" என்று கத்தினேன். ஏன் அவ்வளவு சத்தமாகக் கத்தினேன் என்று தெரியவில்லை. பக்கத்துப் பட்டறையில் லேத் நின்றது. பிறகு மறுபடி ஓடியது.

மயில்சாமி கோழி வாங்கி வரவில்லை. சோறு வடித்து, நேற்றைய குழம்பைச் சூடு பண்ணிச் சாப்பிட்டோம். அவர் கூடத்தில், நான் சமையலறையில்.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு நிவேதாவுக்குப் போன் போட்டேன். எடுத்ததும், "என்னம்மா, கொரலு ஏன் இப்பிடி இருக்குது?" என்றாள்.

"எங்க இருக்கறே?"

"ரூம்ல."

"ஒக்காரு" என்றேன். "உன் காலேஜ் சீட்டப் பத்திச் சொல்லோணும்."